மேலே ஏறும் உரிமை: கல்கத்தா கால்பந்து லீக்கின் வரலாறு

இந்தியக் கால்பந்து வரலாற்றில் ஒரே ஒரு ஆண்டு மட்டும் தெரிந்தவர்களிடம் கேட்டாலும் 1911 என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வென்றது. மோகன் பகான் அணியின் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த இரண்டு கோல்கள் ஒரு தேசத்தின் நினைவில் தங்கிவிட்டன. ஆனால் அந்த வெற்றிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு உண்மை அதிகம் பேசப்படுவதில்லை. ஷீல்டை வென்ற அந்த நாளில் கல்கத்தா கால்பந்து லீக்கின் எந்த டிவிஷனிலும் மோகன் பகானுக்கு இடம் இல்லை. லீக் தொடங்கி அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நகரத்தின் மிகப் பெரிய கோப்பையை வென்ற அணி, நகரத்தின் லீக்கில் ஆடத் தகுதி பெறாத அணியாக இருந்தது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் கல்கத்தா லீக்கின் வரலாற்றைப் படிக்கத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு லீக்கைப் புரிந்துகொள்ள, யார் கோப்பையைத் தூக்கினார்கள் என்று கேட்பதைவிட, யார் கீழிருந்து மேலே ஏற அனுமதிக்கப்பட்டார்கள் என்று கேட்பது அதிக உண்மையைத் தரும். கோப்பைப் போட்டி ஒரு நாள் விவகாரம். தோற்றவர் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விடலாம். லீக் அப்படியல்ல. லீக்கில் ஒரு கிளப்பைச் சேர்த்துக்கொள்வது என்றால், ஆண்டுக்கு இரண்டு முறை அதனுடன் சமமாக ஆடுவதற்கும், அதற்குக் கீழே தன் பெயர் பட்டியலில் அச்சாவதைச் சகித்துக்கொள்வதற்கும் ஒப்புக்கொள்வது. அதிகாரத்தில் இருப்பவர்கள் முதலில் கோப்பையை விட்டுக்கொடுத்ததும், லீக்கின் கதவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டதும் இதனால்தான்.

லீக் உருவான சூழலைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் கால்பந்தை முதலில் ஆடியவர்கள் ராணுவத்தினர், துறைமுகத்துக்கு வந்துபோன மாலுமிகள், ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் ஊழியர்கள். வங்காளிப் பிள்ளைகளை ஆட்டத்துக்குள் இழுத்தவர் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி. 1880-களில் அவர் வளர்த்த ஷோபாபஜார் கிளப் 1892-ல் டிரேட்ஸ் கோப்பையில் கிழக்கு சர்ரே ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது. மோகன் பகான் 1889-லும், முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-லும் தோன்றின. 1893-ல் இந்தியக் கால்பந்துச் சங்கம், அதாவது ஐ.எஃப்.ஏ., உருவானது. பெயரில் இந்தியா இருந்தாலும் அதன் ஆட்சி வங்காளத்தைத் தாண்டவில்லை. அதன் நிர்வாகத்திலும் இந்தியர் குரல் மிகச் சிறியதாகவே இருந்தது. 1898-ல் லீக் தொடங்கியது. முதல் சாம்பியன் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். இங்கிலாந்தில் 1888-ல் பன்னிரண்டு கிளப்புகளோடு தொடங்கிய லீக்கைப் பார்த்து வெறும் பத்தே ஆண்டில் கல்கத்தாவில் ஒன்று உருவாகிவிட்டது. ஆசியாவில் இன்றும் நடந்துவரும் கால்பந்து லீக்குகளில் இதைவிடப் பழையது கிடையாது. கவனிக்க வேண்டிய இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இங்கிலாந்து லீக்கில் இரண்டு டிவிஷன்களுக்கு இடையே புள்ளிப் பட்டியல் அடிப்படையில் தானாகவே ஏற்றமும் இறக்கமும் நடக்கும் முறை வந்ததும் அதே 1898-ல்தான். அதற்கு முன் மேல் டிவிஷனின் கடைசி அணிகளும் கீழ் டிவிஷனின் முதல் அணிகளும் தேர்வுப் போட்டி ஆடி இடத்தைத் தீர்மானித்தன. ஆக, ஆட்டத்தில் பெற்ற புள்ளி மட்டுமே ஒரு கிளப்பின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கை கல்கத்தா லீக்குக்குச் சமவயதுடையது. அந்தக் கொள்கையைத் தங்கள் ஊரில் ஏற்றுக்கொண்டவர்களே கல்கத்தாவில் அதற்கு ஒரு விலக்கு எழுதினார்கள்.

அந்த விலக்கின் வடிவம் முக்கியமானது. ஆரம்பத்தில் இந்தியக் கிளப்புகள் லீக்குக்கு வெளியே நின்றன. ஷீல்டு வெற்றிக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1914-ல், மோகன் பகானும் ஆர்யனும் இரண்டாம் டிவிஷனில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டே மோகன் பகான் முதல் டிவிஷனுக்கு வந்தது. 1916-ல் ஆர்யனும் வந்தது. பிறகு வந்ததுதான் கேள்விக்குரிய விதி: முதல் டிவிஷனில் ஒரே சமயத்தில் இரண்டு இந்தியக் கிளப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டின் இயல்பைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். இந்தியர்களே வேண்டாம் என்று சொல்லும் விதியை எதிர்ப்பது எளிது. அதன் அநியாயம் பளிச்சென்று தெரியும். இரண்டு பேருக்கு இடம் கொடுத்துவிட்டு மூன்றாமவரைத் தடுக்கும் விதியோ தாராளம் போலத் தோற்றம் தரும். உள்ளே வந்த இரண்டு கிளப்புகளும் அந்த விதியால் பயன்பெறும். மூன்றாமவர் மேலே வர வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் இந்தியக் கிளப்புகளில் ஒன்று கீழே இறங்க வேண்டும். ஐரோப்பியக் கிளப்பின் இடத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. இந்தியர்கள் இந்தியர்களோடு மட்டுமே போட்டியிட்டு மேலே வர வேண்டிய ஏற்பாடு அது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படலாம். இந்தியக் கிளப்புகளின் தரம் அன்று அந்த அளவுக்கு இல்லை. மழைக்காலத்தில் சேற்றில் பூட்ஸ் இல்லாமல் ஆடும் அணிகளால் ரெஜிமென்ட் அணிகளுக்கு ஈடு கொடுக்க முடியாது. ஆகவே லீக்கின் தரத்தைக் காக்கவே அந்த விதி என்று வாதிடலாம். மழை பற்றிய பகுதி உண்மைதான். அன்று கல்கத்தா லீக் மே மாதத்தில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நடந்தது. உலர்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரர்கள் பந்தைக் கட்டுப்படுத்திய விதம் வெள்ளைக்கார அணிகளைத் திணறடித்தது. தரை நனைந்ததும் கதை மாறியது. ஆனால் தரக் குறைவு என்ற வாதத்துக்குப் புள்ளிப் பட்டியலே பதில் சொல்கிறது. முதல் டிவிஷனில் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1916-ல், மோகன் பகான் இரண்டாமிடம் பிடித்தது. 1920, 1921, 1925 ஆண்டுகளிலும் அப்படியே. தரமற்ற அணி கீழே போவதற்கு லீக்கிலேயே வழி இருக்கிறது, அதுதான் இறக்கம். தரமில்லாதவர் மேலே வந்தால் அடுத்த ஆண்டு தானாகவே கீழே போய்விடுவார். அந்த வழி இருக்கும்போது தனியாக ஒரு எண்ணிக்கை வரம்பு தேவைப்பட்டது என்றால், பயம் தரக் குறைவைப் பற்றியது அல்ல. இரண்டு கிளப்புகள் நான்காகி, நான்கு எட்டாகி, நகரத்தின் லீக் நகரவாசிகளின் லீக்காக மாறிவிடும் என்பதுதான் பயம். பின்னால் நடந்தது அதுதான் என்பதால், அந்தப் பயம் காரணமற்றது என்று சொல்ல முடியாது.

விதியை உடைத்தவர்கள் யார் என்ற இடத்தில்தான் கதை சங்கடமாகிறது. 1920 ஆகஸ்டு 1 அன்று ஈஸ்ட் பெங்கால் தோன்றியது. அதற்குச் சில நாள் முன்பு மோகன் பகானுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் ஜோராபகான் கிளப் தன் ஆட்டக்காரர் சைலேஷ் போஸை உட்காரவைத்தது. அதைக் கண்டித்து அந்தக் கிளப்பிலிருந்து வெளியேறிய சுரேஷ் சந்திர சௌதுரியும் நண்பர்களும் கிழக்கு வங்காளத்தவருக்கென ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். 1924-ல் அது இரண்டாம் டிவிஷனில் கேமரன் ஹைலாண்டர்ஸ் ரெஜிமென்ட்டின் 'பி' அணியுடன் சேர்ந்து முதலிடம் பிடித்தது. அந்த ரெஜிமென்ட்டின் மூத்த அணி ஏற்கெனவே முதல் டிவிஷனில் இருந்ததால் 'பி' அணி மேலே போக முடியாது. அப்படியானால் ஈஸ்ட் பெங்கால் போக வேண்டும். ஆனால் இரண்டு இந்திய இடங்களும் நிரம்பிவிட்டன என்று விதி குறுக்கே நின்றது. கிளப் முறையிட்டது; விவாதம் நடந்தது; விதி கைவிடப்பட்டது; 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனில் ஆடியது. அந்த விவாதத்தில் ஐரோப்பியக் கிளப்புகள் பெரும்பாலும் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆதரவாக நின்றன என்றும், எதிர்ப்பு ஏற்கெனவே உள்ளே இருந்த இந்தியக் கிளப்புகளிடமிருந்து வந்தது என்றும் ஈஸ்ட் பெங்கால் தரப்பு வரலாறு சொல்கிறது. அந்தத் தரப்பின் கூற்று என்பதால் அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் விதியின் அமைப்பைப் பார்த்தால் அது நம்பக்கூடியதே. வரம்பு நீங்கினால் இழப்பதற்கு அதிகம் இருந்தவர்கள் உள்ளே இருந்த அந்த இருவர்தான். ஒரு சலுகையைக் கொடுத்து ஒருவரை உள்ளே விட்டால், அவரே வாசலுக்குக் காவலராகிவிடுவார். காலனி ஆட்சி இந்தக் கணக்கைப் பல துறைகளிலும் போட்டது. கால்பந்து மைதானத்தில் அது வெறும் பதினொரு பேர் கணக்காகத் தெளிவாகத் தெரிகிறது. 1925 மே 28 அன்று மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக்கில் முதல்முறையாக மோதின. நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. இந்தியாவின் மிகப் பெரிய கால்பந்துப் பகைமை ஒரு ஏற்ற விதியைப் பற்றிய சண்டையிலிருந்து தொடங்கியது என்பதை அந்த இரு தரப்பு ரசிகர்களும் இன்று பெரும்பாலும் நினைப்பதில்லை.

வரம்பு நீங்கியதன் உண்மையான விளைவு ஒன்பது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. முகமதன் ஸ்போர்ட்டிங் நாற்பது ஆண்டுக்கும் மேலாக இருந்துவந்த கிளப். ஆனால் பெரிய அரங்கில் அதற்கு இடமில்லை. 1933-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏற்றம் பெற்று, 1934-ல் முதல் டிவிஷனில் காலடி வைத்த அதே ஆண்டில் பட்டத்தை வென்றது. 1898-லிருந்து அதுவரை லீக் பட்டம் ரெஜிமென்ட் அணிகளுக்கும் கல்கத்தா எஃப்.சி., டல்ஹௌசி போன்ற ஐரோப்பியக் கிளப்புகளுக்கும் மட்டுமே போயிருந்தது. அந்த வரிசையை முடித்தது மோகன் பகான் அல்ல. கீழ் டிவிஷனிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு கிளப். அதோடு நிற்கவில்லை, 1938 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். 1911-ஐவிட 1934 பெரிய திருப்பம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். ஒரு நாள் வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாம். ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து முதலிடத்தில் நின்ற அணியை எந்த வார்த்தையாலும் ஒதுக்க முடியாது. முகமதன் அதை எப்படிச் சாதித்தது என்பதும் படிக்கத் தக்கது. வங்காளத்துக்கு வெளியே போய் ஆட்டக்காரர்களைத் தேடியது. பெங்களூர், டெல்லி, குவெட்டா என்று பல இடங்களிலிருந்து ஆள் சேர்த்தது. தரை நனைந்தால் பூட்ஸ் போட்டு ஆடப் பழக்கியது. மற்ற இந்தியக் கிளப்புகள் வெறுங்காலைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, முகமதன் மழைக்கால லீக் எதைக் கேட்கிறது என்று பார்த்து அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. கோப்பைக்கும் லீக்குக்கும் உள்ள வேறுபாட்டை அன்று முழுமையாகப் புரிந்துகொண்ட முதல் இந்தியக் கிளப் அதுதான் என்பேன்.

இந்த இடத்தில் வலுவான ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. திறந்த லீக் சமத்துவத்தைத் தந்தது என்று புகழ்வது சரி. ஆனால் அதே லீக் மக்களை மதமாகவும் வட்டாரமாகவும் பிரித்து எதிரெதிரே நிறுத்தவில்லையா? முகமதனின் வெற்றிகளைச் சுற்றி முஸ்லிம் அரசியல் திரண்டது. கிளப்பின் புரவலர்களில் முஸ்லிம் லீக் தலைவர்கள் இருந்தார்கள். 1939-ல் ஐ.எஃப்.ஏ.வுடன் ஏற்பட்ட சண்டையில் முகமதனும் ஈஸ்ட் பெங்கால், காளிகாட் உள்ளிட்ட கிளப்புகளும் லீக்கிலிருந்து விலகின. மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது அந்த ஆண்டில்தான். 1946-ல் கலவரம் காரணமாக ஷீல்டு போட்டி நடக்கவில்லை. 1947-ல் லீக் முடிவு காணவில்லை. இந்த உண்மைகள் கசப்பானவை. ஆனாலும் பிரிவினையைக் கால்பந்து உண்டாக்கியதாகக் காட்டுவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவதாகும். நிலவுடைமை, கல்வி, வேலைவாய்ப்பு, தேர்தல் தொகுதி என்று நகர வாழ்வின் ஒவ்வொரு துறையிலும் ஏற்கெனவே இருந்த பிளவு மைதானத்திலும் தெரிந்தது. லீக் செய்தது வேறொன்று: மற்ற எந்தத் துறையிலும் எல்லாத் தரப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு வாரந்தோறும் மோதிக்கொள்ளும் இடம் இல்லாதபோது, அப்படியொரு இடமாக அது இருந்தது. அந்த ஐந்து பட்டங்களின் காலத்தில் முகமதன் பெற்ற மதிப்பு அதன் சமூகத்தோடு நின்றுவிடவில்லை. வெள்ளைக்கார ரெஜிமென்ட்டுகளைத் தோற்கடித்த இந்திய அணி என்று நகரம் முழுவதும் அதைக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள். விதி திறந்திருந்ததால்தான் அந்தக் கொண்டாட்டம் நடந்தது. அது மூடியிருந்தால் பிளவு மட்டும் மிஞ்சியிருக்கும். அரசியல் மைதானத்துக்குள் வந்ததை மட்டும் குறையாகச் சொல்பவர்கள் 1930-ஐயும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு சட்டமறுப்பு இயக்கத்தை ஒட்டி இந்தியக் கிளப்புகள் விலகியதால் லீக்கே பாதியில் நின்றது. லீக்குக்குள் இந்தியர்கள் இல்லாதிருந்தால், வெளியேறுவதன் மூலம் எதிர்ப்பைக் காட்டும் வழியும் இருந்திருக்காது.

விடுதலைக்குப் பிறகு கேள்வியின் முகம் மாறியது. ரெஜிமென்ட்டுகள் போய்விட்டன. கல்கத்தா எஃப்.சி. 1965-ல் நகரின் பழைய கிரிக்கெட் கிளப்புடன் இணைந்துவிட்டது. இனத்தைக் காரணம் காட்டிய தடை மறைந்தது. அதன் இடத்தைப் பணமும் புகழும் பிடித்துக்கொண்டன. 1934-லிருந்து 2018 வரை முடிவு கண்ட லீக்குகளில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் என்ற மூவரே வென்றார்கள். அந்த ஒன்று 1958: பி.கே. பானர்ஜி ஆடிய ஈஸ்டர்ன் ரயில்வே. அடுத்து இன்னொரு வெளி அணி பட்டம் வெல்ல அறுபத்தொரு ஆண்டுகள் ஆயின. 2019-ல் பியர்லெஸ் வென்றது. இடையில் ஈஸ்ட் பெங்கால் 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறையும், 2010-லிருந்து எட்டு முறையும் வென்றது. விதிப் புத்தகத்தில் வாசல் திறந்தே இருந்தது. உச்சியில் மூவருக்கு மட்டுமே இடம் என்பது நடைமுறை. கீழ் டிவிஷன் கிளப் ஒரு நல்ல ஆட்டக்காரரை வளர்த்தால், அடுத்த பதிவுக் காலத்தில் அவர் பெரிய கிளப்பின் சட்டையில் இருப்பார். பி.கே. பானர்ஜி கடைசிவரை ரயில்வேயிலேயே ஆடியது அபூர்வமான விலக்கு.

ஆனால் அந்த மூவர் ஆட்சியைக் குறையாக மட்டுமே எழுதினால் கதை பாதிதான். நாட்டின் மற்ற இடங்களில் ஆட்டக்காரருக்குச் சோறு போடும் லீக் இல்லாத காலத்தில், கல்கத்தா லீக்தான் இந்தியக் கால்பந்தின் வேலைவாய்ப்பு நிலையமாக இருந்தது. ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற 'பஞ்ச பாண்டவர்' வரிசையில் அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, வெங்கடேஷ் என்று ஐந்து முன்கள வீரர்களும் தெற்கிலிருந்து போனவர்கள். ஒரு வங்காளிக் கிளப் அவர்களைச் சொந்தப் பிள்ளைகளாக்கிக்கொண்டது. அதன் தொடர்ச்சியில் வருபவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே ஒரு எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1957-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 1961-ல் அவர் தலைமையில் அந்த அணி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக்கை வென்றது. 23 கோல்களோடு அந்த ஆண்டின் அதிக கோல் அடித்தவரும் அவரே. அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் சுனி கோஸ்வாமியும் பி.கே. பானர்ஜியும் பலராமும் சேர்ந்து ஆடினார்கள். மூவருமே கல்கத்தா லீக்கின் ஆட்டக்காரர்கள். ஒரு நகரத்தின் லீக் ஒரு நாட்டின் அணியைத் தாங்கிய காலம் அது. தங்கள் ஊரிலேயே வலுவான லீக் இருந்திருந்தால் ஹைதராபாத்தும் பெங்களூரும் சென்னையும் இந்த ஆட்டக்காரர்களை இழந்திருக்காது என்ற வருத்தமும் நியாயமானதுதான். அந்த வருத்தத்துக்கான பதிலைக் கல்கத்தாவில் தேட முடியாது. அந்தந்த ஊரில்தான் தேட வேண்டும்.

இன்றைய அமைப்புக்கு வருவோம். கல்கத்தா லீக்கின் உச்சியில் பிரீமியர் டிவிஷன்; அதற்குக் கீழே முதல் டிவிஷனிலிருந்து ஐந்தாம் டிவிஷன் வரை படிகள். பிரீமியர் டிவிஷன் சில ஆண்டுகள் 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. 2023-ல் இரண்டையும் ஒன்றாக்கி, 26 அணிகளை இரு பிரிவுகளாக ஆடவைத்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள் 'சூப்பர் சிக்ஸ்' சுற்றில் பட்டத்துக்கு மோதும்படி அமைத்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை விலக்கி, வங்காள மண்ணின் பிள்ளைகளுக்குக் களத்தில் இடம் ஒதுக்கும் விதிகளும் வந்தன. பெரிய கிளப்புகள் தங்கள் இளம் அணிகளை அனுப்புகின்றன. லீக் தாழ்ந்துவிட்டது என்று முதியவர்கள் குறைப்படுகிறார்கள். குறையில் உண்மை இருக்கிறது. 1996-ல் தேசிய லீக் தொடங்கியதும், 2007-ல் அது ஐ-லீக் ஆனதும், 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்ததும் கல்கத்தா லீக்கை ஒரு மாநில லீக்காக்கிவிட்டன. ஆனால் மாநில லீக் என்பது இழிவு அல்ல. ஒரு நாட்டின் கால்பந்து உச்சியில் இருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று அணிகளால் மட்டும் வாழ்வதில்லை. ஐந்தாம் டிவிஷனில் பதிவு செய்திருக்கும் பேட்டைக் கிளப்பிலிருந்து அது தொடங்குகிறது. கேள்வி, அந்தக் கிளப்பிலிருந்து உச்சிவரை தடையில்லாத வழி இருக்கிறதா என்பதுதான்.

இந்தக் கேள்வியை வைத்து ஐ.எஸ்.எல்.லைப் பார்த்தால் பழைய வரம்பு புது உருவில் தெரிகிறது. எட்டு நிறுவன அணிகளோடு தொடங்கிய அந்தப் போட்டியில் பல ஆண்டுகள் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாட்டின் பழம்பெரும் கிளப்புகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020-ல் அதற்குள் நுழைந்தது ஆட்டத்தில் பெற்ற புள்ளியால் அல்ல. ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்த நிறுவன அணியோடு இணைந்து வந்தது. மற்றது பணம் போட முன்வந்த முதலீட்டாளர் கிடைத்த பிறகு வந்தது. இதை நியாயப்படுத்துபவர்கள் சொல்லும் காரணத்தைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். கோடிக்கணக்கில் பணம் போடுபவருக்கு அடுத்த ஆண்டு கீழே போய்விடுவோம் என்ற பயம் இருந்தால் யாரும் முன்வர மாட்டார்கள். மைதானம், பயிற்சி நிலையம், இளையோர் அணி எல்லாவற்றுக்கும் நிலைத்த இடம் தேவை என்கிறார்கள். முதல் சில ஆண்டுகளுக்கு அது ஏற்கத்தக்க வாதம். இங்கிலாந்தில்கூட லீக்கின் அடிமட்ட வாசல் நெடுங்காலம் வாக்கெடுப்பால்தான் நடந்தது. நான்காம் டிவிஷனின் கடைசி கிளப்புகளைத் தக்கவைப்பதா, வெளியிலிருந்து புதியவரைச் சேர்ப்பதா என்று மற்ற கிளப்புகள் வாக்களித்தன. பெரும்பாலும் பழையவரே தப்பித்தார்கள். 1987-லிருந்துதான் அங்கே தானாக நடக்கும் இறக்கமும் ஏற்றமும் வந்தன. அப்படியானால் மூடிய வாசல் எங்கும் இருந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த உதாரணம் எதிர்ப்பக்கமும் பேசுகிறது. வாக்கெடுப்பு ஒழிந்து ஏற்றம் உறுதியான பிறகு, சிறு நகரக் கிளப்புகள் பல கீழிருந்து ஏறி வந்து அந்த லீக்குகளில் நிலைத்துவிட்டன. பாதுகாப்பு என்ற பெயரில் மூடப்பட்ட கதவு உண்மையில் பாதுகாத்தது உள்ளே இருந்த சிலரின் சோம்பலைத்தான் என்பது அங்கே நிரூபணமாயிற்று.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2019-ல் வகுத்த வழித்தடத்தின்படி ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் கொடுக்கும் முறை பிறகு நடைமுறைக்கு வந்தது. முதலில் பஞ்சாப் எஃப்.சி. அந்த வழியில் ஏறியது. அடுத்து, 2023-24 பருவத்தில் ஐ-லீக்கை வென்று மேலே போனது முகமதன் ஸ்போர்ட்டிங். 1934-ல் கல்கத்தாவின் உச்சிக்கு ஏற்றத்தின் மூலம் வந்த அதே கிளப், நாட்டின் உச்சிக்கும் ஏற்றத்தின் மூலமே வந்தது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளில் இந்தப் படிக்கு ஆட்டத்தால் ஏறியது அது ஒன்றுதான். இந்த முறை முதல் ஆண்டில் பட்டம் கிடைக்கவில்லை. 2024-25 பருவத்தில் கடைசி இடம்தான். அப்போதும் கீழே இறங்கவில்லை, ஏனென்றால் இறக்கம் என்ற விதி அந்தப் பருவத்தில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அது முகமதனுக்கு நிம்மதி என்று தோன்றலாம். என் கணிப்பு வேறு. யாரும் கீழே இறங்காத லீக்கில் யாருக்கும் மேலே இடம் காலியாகாது. ஒரு கிளப்புக்குக் காட்டும் அந்தக் கருணை, அதற்குக் கீழே காத்திருக்கும் கிளப்பின் மேல் விதிக்கும் தண்டனை. 1924-ல் ஈஸ்ட் பெங்கால் எழுப்பிய கோரிக்கை ஒரே வரியில் அடங்கும்: புள்ளிப் பட்டியல் சொல்லும் இடத்தை எங்களுக்குக் கொடுங்கள். இன்று இந்தியக் கால்பந்தை நடத்துபவர்களிடம் ஐந்தாம் டிவிஷன் கிளப்பின் சார்பாகவும், சென்னை முதல் ஷில்லாங் வரையுள்ள மாவட்ட லீக்குகளின் சார்பாகவும் கேட்க வேண்டியது அதுவே. ஏற்றத்தையும் இறக்கத்தையும் எல்லாப் படிகளிலும் எழுத்தில் வையுங்கள், தேதி குறியுங்கள், விலக்கு எழுதாதீர்கள்.